'மாதம் 888 ரூபாய் மிச்சம்': இந்தக் கணக்கைப் போட்டது யார்? தாம்பரம் பெண்களுக்கு இது பொருந்துமா?

மகளிர் கட்டணமில்லா பஸ் பயணம் பற்றி எந்த மேடையில் பேச்சு வந்தாலும் ஒரு எண் கூடவே வந்துவிடும். 888. இந்தத் திட்டத்தால் ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்பது அரசு சொல்லும் கணக்கு. முதலமைச்சராக மு.க.ஸ்டாலின் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார், அரசு விளம்பரங்களிலும் வந்திருக்கிறது. ஆயிரம், ஐநூறு என்று முழு எண்ணாக இல்லாமல், கடைக்காரர் பில் போட்டது மாதிரி 888 என்று இருப்பதால் கேட்பவர்கள் மனதில் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

சரி, இந்த எண் எங்கிருந்து வந்தது? போக்குவரத்துத் துறையா, நிதித்துறையா? இரண்டும் இல்லை. சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் இயங்கும் மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில் வந்த எண் இது. பேப்பரில் அடிக்கடி பெயர் அடிபட்டாலும், இந்தக் குழு என்ன செய்கிறது, அதன் பேச்சுக்கு அரசில் எவ்வளவு மதிப்பு என்பது பலருக்குத் தெரியாது. தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் தினமும் பஸ் ஏறும் பெண்களின் பர்ஸ் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால், கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

திட்டக் குழு என்றால் என்ன?

1971-ல் முதலமைச்சர் கருணாநிதி ஆட்சியில் தொடங்கப்பட்டது மாநிலத் திட்டக் குழு. தலைவர் முதலமைச்சர்தான். அன்றாட வேலையை நடத்துபவர் துணைத் தலைவர். ஒரு துறைக்கு உத்தரவு போடும் அதிகாரமோ, திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரமோ இந்தக் குழுவுக்குக் கிடையாது. ஆய்வு செய்யும், அறிக்கை கொடுக்கும், கொள்கை வரைவு எழுதித் தரும். ஏற்பதும் ஓரமாக வைப்பதும் அரசின் விருப்பம்.

டெல்லியில் மத்தியத் திட்டக் குழு கலைக்கப்பட்டு, 2015 ஜனவரி 1-ல் நிதி ஆயோக் வந்தது. தமிழ்நாட்டிலும் 2020-ல் அதிமுக ஆட்சியில் 'மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு' என்று பெயர் மாறியது. ஆட்சி மாறிய பிறகு 2021 ஜூனில் குழு திருத்தி அமைக்கப்பட்டது. பொருளாதார அறிஞர் ஜெ.ஜெயரஞ்சன் துணைத் தலைவரானார். பின்னர் பெயரும் பழையபடி மாநிலத் திட்டக் குழு ஆனது.

அப்போது அமைக்கப்பட்ட உறுப்பினர் பட்டியலே ஒரு செய்தியாகப் பேசப்பட்டது. மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், சித்த மருத்துவர் கு.சிவராமன், டாஃபே நிறுவனத்தின் மல்லிகா சீனிவாசன், பரதக் கலைஞரும் திருநங்கையுமான நர்த்தகி நடராஜ் என்று பொருளாதாரம் படித்தவர்களைத் தாண்டியும் ஆட்கள் இருந்தார்கள். அதே பட்டியலில் மு.விஜயபாஸ்கர் என்ற பெயரும் இருந்தது. இவர் அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர். 'தி திராவிடியன் மாடல்' என்ற ஆங்கில நூலை அ.கலையரசனுடன் சேர்ந்து எழுதியவர். அரசியல் மேடையில் முழக்கமாகக் கேட்ட ஒரு சொல்லுக்குப் பின்னால் ஆய்வு நூல் ஒன்றும், அதை எழுதியவருக்கு அரசின் ஆலோசனைக் குழுவில் ஓர் இடமும் இருந்தது. சிந்தனைக் குழுக்களின் செல்வாக்கு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும். சத்தமே இருக்காது.

5 கையெழுத்தில் ஒன்று

2021 மே 7-ல் பதவியேற்ற அன்றே ஸ்டாலின் கையெழுத்திட்ட 5 கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே அமலுக்கு வந்தது. போக்குவரத்துக் கழகங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட 1,200 கோடி ரூபாய் என்று அன்று சொல்லப்பட்டது. அடுத்த மாதமே மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கைகளுக்கும் சலுகை விரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, திட்டம் முதலில் வந்தது, ஆய்வு பிறகுதான் வந்தது. திட்டக் குழு சொல்லித்தான் பஸ் கட்டணம் ரத்தானது என்று சொன்னால் தப்பு. அது தேர்தல் வாக்குறுதி. அப்படியென்றால் குழுவின் பங்கு என்ன? தொடங்கிய திட்டத்தை அளந்து சொல்வது.

அளப்பது சின்ன வேலை மாதிரி தெரியலாம். ஆனால் 2022-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் பிரதமர் மோடி 'ரேவ்டி கலாசாரம்' என்று இலவசங்களைச் சாடினார். உச்ச நீதிமன்றத்தில் தேர்தல் இலவசங்களுக்கு எதிரான வழக்கு சூடுபிடித்தது. திமுகவும் தன்னை அதில் சேர்த்துக்கொள்ள மனு போட்டது. 'ஏழைக்கு உதவுறோம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அந்த இடத்தில் எடுபடாது. யாருக்கு, எவ்வளவு, என்ன பலன் என்று எண் வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்ததுதான் ஆய்வு.

2022-23 பட்ஜெட் உரையிலேயே, பஸ் பயணிகளில் பெண்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாக உயர்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. பிறகு 888 வந்தது. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், பெண்களுக்கு பஸ் இலவசம் என்றால் மெட்ரோவுக்கு யார் வருவார்கள் என்ற தொனியில் மோடி பேசியபோது, ஸ்டாலின் பதிலுக்கு எண்களைத்தான் எடுத்து வைத்தார். சென்னை மெட்ரோவில் 2019-ல் 3.28 கோடிப் பேர் பயணித்தார்கள், 2023-ல் 9.11 கோடிப் பேர். பஸ் இலவசமான பிறகும் மெட்ரோ கூட்டம் குறையவில்லை.

'ஓசி' என்ற சொல்

எண்ணால் சமாளிக்க முடியாத ஒரு விஷயமும் இதில் இருந்தது. 2022 செப்டம்பரில் அப்போதைய அமைச்சர் க.பொன்முடி, ஒரு கூட்டத்தில் பெண்களைப் பார்த்து 'ஓசி'யில் போகிறீர்கள் என்று சொன்னது பெரிய சர்ச்சையானது. கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி, 'எனக்கு ஓசி வேண்டாம், காசு வாங்கிக்கோ' என்று கண்டக்டரிடம் மல்லுக்கட்டிய வீடியோ மாநிலம் முழுக்கச் சுற்றியது. ஸ்டாப்பில் பெண்கள் கூட்டமாக நின்றால் டிரைவர் தள்ளிப்போய் நிறுத்துவது, ஏறும்போதே முகம் சுளிப்பது என்று புகார்கள் அதற்கு முன்பே இருந்தன.

இதன் பிறகுதான் அரசு வார்த்தைகளில் கவனமாக ஆனது. 2023 சுதந்திர தின உரையில் திட்டத்துக்கு 'விடியல் பயணம்' என்று பெயர் வைக்கப்பட்டது. இலவசம் என்ற சொல்லை அரசு ஆவணங்களில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். 'கட்டணமில்லா' என்றுதான் இருக்கும். பெயர் மாறினால் கண்டக்டர் குரலும் மாறிவிடுமா என்பது வேறு கேள்வி. பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு டிக்கெட் கொடுக்காத பயணி சுமையாகத் தெரியாமல் இருக்க, அந்தப் பயணிக்கான காசை அரசு கழகத்துக்குக் கட்டுகிறது என்பதை முதலில் டெப்போவில் புரியவைத்திருக்க வேண்டும். அது போதுமான அளவு நடக்கவில்லை.

கட்டும் காசும் சின்னது இல்லை. 1,200 கோடியில் தொடங்கிய மானியம் 2023-24 பட்ஜெட்டில் 2,800 கோடி, 2024-25-ல் 3,050 கோடி, 2025-26-ல் 3,600 கோடி என்று ஏறிக்கொண்டே போனது. நான்கு ஆண்டில் மூன்று மடங்கு. பெண்கள் நிறைய பயணிக்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. நிதித்துறைக்குத் தலைவலியும் இதுவே.

888 சரியான கணக்குதானா?

நம்பக்கூடிய எண்ணா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் விற்கும் 'விருப்பம்போல் பயணம்' மாதப் பாஸின் விலை 1,000 ரூபாய். தினமும் வேலைக்குப் போய் வருபவர் மாதம் கிட்டத்தட்ட அந்த அளவு செலவழிப்பார் என்பதுதான் அந்தப் பாஸின் அடிப்படை. அதோடு ஒப்பிட்டால் 888 மிகைப்படுத்திய எண்ணாகத் தெரியவில்லை. ஆண்டுக்கு 10,656 ரூபாய். கார்மென்ட்ஸ் வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகும் ஒருவருக்கு இது பல நாள் சம்பளம்.

ஆனால் இரண்டு விஷயம் இருக்கு. முதலாவது, ஆய்வு செய்த குழுவின் தலைவரும் திட்டத்தைக் கொண்டுவந்த அரசின் தலைவரும் ஒருவரே. மாணவனே விடைத்தாளையும் திருத்தினால் மார்க் சரியாக இருந்தாலும் ஊர் நம்பாது. நல்லவேளையாக, வெளியிலிருந்தும் ஆய்வு வந்தது. சென்னையில் 1985 முதல் இயங்கும் சிஏஜி அமைப்பு, பெண் பயணிகளிடம் நேரடியாகக் கேட்டு இந்தத் திட்டத்தை ஆராய்ந்தது. (அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி வேற, இது வேற. நுகர்வோருக்காகத் தொடங்கிய குடிமக்கள் அமைப்பு இது. கட்டட விதிமீறல்களுக்கு அரசு அள்ளிக் கொடுத்த விலக்குகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2000-ல் தீர்ப்பு வாங்கியவர்கள்.) மிச்சமாகும் பணம் பெரும்பாலும் வீட்டுச் செலவுக்குத்தான் போகிறது என்பதே அங்கும் தெரிந்தது.

இரண்டாவது விஷயம்தான் தாம்பரத்துக்கு முக்கியம். 888 என்பது சராசரி. பஸ் ஏறுபவர்களிடம் கேட்டு எடுத்த சராசரி. ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனவர் அந்தக் கணக்குக்குள் எப்படி வருவார்?

தாம்பரத்தில் கணக்கு மாறுது

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. 5 நகராட்சிகள், 5 பேரூராட்சிகளைச் சேர்த்து 70 வார்டு. மாநகராட்சி என்று பெயர் வந்தாலும் இது ஒரே ஊர் மாதிரி நகர்வதில்லை. ரயில் பாதை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. கிழக்குத் தாம்பரத்து வாழ்க்கை வேற, மேற்குத் தாம்பரத்து வாழ்க்கை வேற.

ஜிஎஸ்டி சாலையை ஒட்டி, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு மின்சார ரயில் இருக்கு. டிக்கெட் விலையும் பஸ்ஸோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்கு வரும் பெண்களில் கணிசமானவர்கள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைக் கடந்து போகிறவர்கள். இவர்களுக்கு பஸ் இலவசம் என்பதால் கிடைக்கும் மிச்சம், மாநிலச் சராசரியை விடக் குறைவாகத்தான் இருக்கும். ஏற்கெனவே குறைந்த செலவில் ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

கிழக்கே திரும்பினால் கதை வேற. சேலையூர், கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர். இங்கே ரயில் கிடையாது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு வரும் பாதைக்கு வேலை நடக்கிறது, தூண்களும் எழும்பியிருக்கின்றன. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் துப்புரவு, கேன்டீன், ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் பெண்களுக்கு பஸ்தான் ஒரே வழி. சாதாரண பஸ் வந்தால் காசு இல்லை. டீலக்ஸ் வந்தால் காசு. ஏசி வந்தால் இன்னும் அதிகம். எதுவுமே வராவிட்டால் ஷேர் ஆட்டோ. ஷிப்ட்டுக்கு லேட்டானால் சம்பளம் பிடிக்கும் வேலையில் இருப்பவர், பிங்க் பஸ் வரும்வரை காத்திருக்க மாட்டார்.

மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் பக்கம் பிரச்சினை இன்னொரு மாதிரி. 2015 வெள்ளத்தில் நாட்டுக்கே தெரிந்த ஊர்கள் இவை. மெயின் ரோட்டில் பஸ் போகும். உள்ளே தள்ளியிருக்கும் நகர்களிலிருந்து அந்த ரோட்டுக்கு வரவே ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். பஸ் கட்டணம் மிச்சம், ஆட்டோவுக்கு அதில் பாதி போய்விடும்.

பெரும்பாக்கம்: 888 அதிகமாகத் தேவைப்படும் இடம்

தென்சென்னைப் புறநகரில் இந்தத் திட்டம் யாருக்கு உயிர்நாடி என்று கேட்டால், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் என்று சொல்லலாம். சென்னை நகருக்குள் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைகளில் வாழ்ந்த குடும்பங்களை அகற்றி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய அடுக்குமாடிகளில் குடியமர்த்திய இடங்கள் இவை. வீடு மாறியது, வேலை மாறவில்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டு வேலை செய்த பெண்கள், விடிகாலையில் கிளம்பி அதே வீடுகளுக்குப் போய் வர வேண்டியதாயிற்று. முன்பு நடந்து போன தூரம், இப்போது பஸ் பயணம்.

இந்தக் குடியிருப்புகளில் பள்ளி, ரேஷன் கடை, பஸ் வசதி என்ன நிலையில் இருக்கு என்று பல ஆண்டுகளாக ஆய்வு செய்து அரசிடம் கொடுத்துவருவது ஐஆர்சிடியுசி என்ற சிறிய ஆய்வு அமைப்பு. திட்டக் குழு மாதிரி எழிலகத்தில் அறை கிடையாது, முதலமைச்சர் தலைவர் கிடையாது. அப்படியும் மறுகுடியமர்த்தல் பற்றிய விவாதம் எதுவும் இவர்களின் அறிக்கைகளைத் தொடாமல் நகர்வதில்லை. 2021-ல் அரசு மறுகுடியமர்வுக் கொள்கை வரைவை வெளியிட்டதற்குப் பின்னால், இப்படிக் களத்திலிருந்து வந்த ஆவணங்கள் பல ஆண்டுகளாகக் குவிந்துகிடந்தன.

888 ரூபாய் என்ற மாநில எண்ணும் பெரும்பாக்கத்து எழில் நகர் பெண்ணின் மாதச் செலவும் ஒரே அறிக்கையில் பக்கம் பக்கமாக வந்தால்தான், எந்த ரூட்டில் சாதாரண பஸ் கூடுதலாக விட வேண்டும் என்பது தெரியும். ஊர்வாரியான அந்தக் கணக்கு இல்லாமல் சராசரியை மட்டும் மேடையில் சொல்வது, மழை அளவை மாநிலம் முழுக்கச் சேர்த்துச் சொல்லிவிட்டு முடிச்சூருக்குப் படகு அனுப்பாமல் இருப்பது மாதிரி.

காலை உணவில் என்ன நடந்தது?

ஆய்வு திட்டத்தை நகர்த்தும் என்பதற்கு நல்ல உதாரணம் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியபோது 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மட்டும்தான். திட்டக் குழு பார்த்த 1,543 பள்ளிகளில் 1,319-ல் மாணவர் வருகை கூடியிருந்தது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. முதலில் சின்னதாகத் தொடங்கு, அள, பிறகு விரி. பஸ் திட்டத்தில் இந்த வரிசை இல்லை. ஒரே நாளில் மாநிலத்தின் பெரும்பகுதிக்கும் வந்துவிட்டது. அதனாலேயே எங்கே பஸ் போதவில்லை என்பதைப் பின்னால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.

1982-ல் எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது, வீண் செலவு என்று சொன்ன பொருளாதார நிபுணர்கள் உண்டு. 2001-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இடைப்பட்ட 19 ஆண்டில் திட்டத்தைக் காப்பாற்றியதில் வாக்காளருக்குப் பெரும்பங்கு, ஆய்வாளர்களுக்கும் ஒரு பங்கு.

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன?

டெல்லிதான் இதில் முன்னோடி. 2019 அக்டோபரிலேயே பெண்களுக்கு பிங்க் டிக்கெட் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக்குப் பிறகு கர்நாடகா 2023 ஜூனில் 'சக்தி', தெலங்கானா அதே ஆண்டு டிசம்பரில் 'மகாலட்சுமி', ஆந்திரா 2025 ஆகஸ்டில் 'ஸ்த்ரீ சக்தி' என்று தொடங்கின. கர்நாடகாவில் சொகுசு பஸ் தவிர்த்து, ஊர் விட்டு ஊர் போகும் பஸ்களிலும் பெண்கள் போகலாம். தமிழ்நாட்டில் நகர சாதாரண பஸ்ஸோடு நின்றது. கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கும் வெளியூர் பஸ்ஸுக்கு இது செல்லாது. அங்கிருந்து தாம்பரத்துக்குப் பிடிக்கும் சாதாரண மாநகர பஸ்ஸில் செல்லும்.

சொன்னால் கேட்பார்களா?

அரசுக்கு உள்ளே இருக்கும் குழுவுக்கு ஒரு வசதி, கதவு திறந்திருக்கும். ஒரு சிக்கல், ஆட்சி மாறினால் பெயரே மாறிவிடும். வெளியே இருக்கும் அமைப்புக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்பது எப்போதும் கேள்வி. டெல்லியில் 1973 முதல் இயங்கும் கொள்கை ஆராய்ச்சி மையம், நாட்டின் மதிப்புமிக்க சிந்தனைக் குழுக்களில் ஒன்று. வெளிநாட்டு நிதி பெறும் உரிமம் 2023-ல் இடைநீக்கம், 2024 ஜனவரியில் ரத்து. ஆய்வாளர்கள் பலர் வெளியேற வேண்டியதானது.

தென்சென்னைக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் டெப்போவிலிருந்து 135 மின்சார பஸ்கள் ஓட ஆரம்பித்தன. அதில் 55 ஏசி பஸ். ஓஎம்ஆர் பக்கம் காரில் போகும் ஐடி ஊழியரை பஸ்ஸுக்கு இழுக்க ஏசி தேவைதான், அதில் தப்பில்லை. ஆனால் ஏசி பஸ்ஸில் விடியல் பயணம் செல்லாது. அந்த டெப்போவுக்குப் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து காலை 5 மணிக்குக் கிளம்பும் பெண்ணுக்கு, வரிசையாக வரும் மூன்று பஸ்ஸில் எத்தனை பஸ்ஸில் காசு கொடுக்காமல் ஏற முடிகிறது என்பதுதான் கணக்கு. ரூட் வாரியாக, மணி வாரியாக அதை எடுப்பதற்கான தகவல் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் டிக்கெட் மெஷின்களிலேயே இருக்கு. பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டும் அதில்தான் பதிவாகிறது.